முந்திரி ஓட்டில் ஒரு பீனால் பாடம்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடப்பவர்கள் வறுத்த முந்திரியின் வாசனையை நன்கு அறிவர். அந்தப் பருப்பைப் பொதிந்திருக்கும் ஓட்டில் நம் மேல்நிலை வேதியியல் பாடத்தின் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. பீனாலைப் பற்றிய பாடத்தை நான் இந்த ஓட்டிலிருந்துதான் தொடங்குகிறேன்.

அமைப்பு: பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஹைட்ராக்சில் தொகுதி இணைந்தால் அது பீனால். அதன் மெட்டா இடத்தில் 15 கார்பன் கொண்ட சங்கிலி சேர்ந்தால் அது கார்டனால். பச்சை ஓட்டின் எண்ணெயில் மிகுதியாக இருப்பது அனகார்டிக் அமிலம். இதில் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதி உண்டு. வறுக்கும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறி, இது கார்டனாலாக மாறுகிறது. கார்பாக்சில் நீக்க வினைக்கு நம் ஊரிலேயே கிடைக்கும் எடுத்துக்காட்டு இது.

பண்புகளும் பயன்களும்: பீனால் நீரில் ஓரளவு கரையும், நீண்ட சங்கிலி இருப்பதால் கார்டனால் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஃபார்மால்டிஹைடுடன் வினைபுரிந்து பிசினாகும். வாகன பிரேக் லைனிங், வார்னிஷ், பெயிண்ட் ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

தோலில் பட்டால்: இந்த எண்ணெய் தோலைக் கருக்கிப் புண்ணாக்கும். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோவதும், துணிக்குக் குறியிடப் பயன்பட்ட சேங்கொட்டைச் சாறு கொப்புளம் உண்டாக்குவதும் இதைப் போன்றதே. மூன்றும் அனகார்டியேசி குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள். மூன்றிலும் இதே வகைச் சேர்மங்கள் உள்ளன.

முந்திரிப் பகுதிப் பள்ளிகளில், விரல்கள் கருத்து, தோல் உரிந்து வரும் மாணவர்களை நாம் காண்கிறோம். அது அழுக்கு அன்று. தேய்த்துக் கழுவினாலும் போகாது. எனவே, "கையைக் கழுவவில்லையா?" என்று வகுப்பின் முன் கேட்பது அந்தக் குழந்தையை இருமுறை காயப்படுத்தும். முந்திரி பதப்படுத்துதல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அபாயத் தொழில்கள் பட்டியலில் இடம்பெற்றது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். உடைக்கும் பெரியவர்கள் கையுறை அணிய வேண்டும். இல்லையெனில் முன்னதாகவே கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் வெறும் நீர் போதாது, சோப்பு வேண்டும். வறுக்கும் புகையிலும் இந்த எண்ணெய் கலந்திருப்பதால் காற்று வரும் பக்கம் நிற்பது நல்லது.

ஓட்டெண்ணெயை ஆய்வகச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டாம். சாலிசிலிக் அமிலத்துடன் நடுநிலை ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்து ஊதா நிறத்தைக் காட்டினாலே போதும். அனகார்டிக் அமிலம் அதன் நெருங்கிய உறவு என்று சொன்னால், மாணவர்கள் மீதியைத் தாங்களே கேட்பார்கள்.