ஏப்ரல் 4... ஒரே ஒரு பாயின்ட்! கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் 125 வருடக் கதை

1896 ஏப்ரல் 4. இடம்: சான் பிரான்சிஸ்கோ. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவிகளும் பெர்க்லி மாணவிகளும் கூடைப்பந்து ஆடுறாங்க. அரங்கத்தில் சுமார் 700 பேர். ஆண்கள் ஒருத்தருக்கும் அனுமதி இல்லை! ஒரு அணிக்கு 9 பேர். ஸ்டான்ஃபோர்டு வெற்றி. ஸ்கோர் என்ன தெரியுமா? 2-1.

இரு கல்லூரிகளின் பெண்கள் அணிகள் மோதிய முதல் கூடைப்பந்து மேட்ச் இதுதான். ஆனா, அதுக்கு அப்புறம் அந்த அணிக்கு நடந்ததுதான் நாம தெரிஞ்சுக்க வேண்டிய கதை.

ஏன் இவ்வளவு குறைந்த ஸ்கோர்?

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். சில மாதங்களிலேயே ஸ்மித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 'பெண்கள் உடம்பு தாங்காது' என்பது அன்றைய பொதுக்கருத்து. அதனால் விதிகளை மாற்றினார். மைதானம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. தன் பகுதியைத் தாண்டி ஓடக் கூடாது. அடுத்தவர் கையில் இருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. பந்தை மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

அணி எப்படிக் காணாமல் போனது?

ஆள் இல்லாமல் இல்லை. ஆர்வம் இல்லாமலும் இல்லை. 1899-ல், மாணவிகள் வெளி அணிகளுடன் மோதக் கூடாது என ஸ்டான்ஃபோர்டு நிர்வாகம் தடை போட்டது. மாணவிகளின் உடல்நலம் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு கமிட்டியின் முடிவு, பல தலைமுறைப் பெண்களின் ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

எது திருப்பிக் கொண்டுவந்தது?

1972-ல் வந்த 'டைட்டில் 9' சட்டம். அரசு நிதி வாங்கும் கல்வி நிறுவனங்கள் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது அது. விளையாட்டுக்கும் இது பொருந்தும். 1970களில் ஸ்டான்ஃபோர்டு பெண்கள் அணி மீண்டும் களமிறங்கியது. 1985-ல் டாரா வான்டர்வீர் கோச்சாக வந்தார். 1990, 1992 என இரண்டு தேசியப் பட்டங்கள். மூன்றாவது பட்டம் 2021-ல். அரிசோனாவை 54-53 என வென்றது. அந்தத் தேதியும் ஏப்ரல் 4! சரியாக 125 வருடம் கழித்து, அதே ஒரு பாயின்ட் வித்தியாசம்.

சரி, கள்ளக்குறிச்சிக்கு இதில் என்ன இருக்கு?

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. மேற்கே கல்வராயன் மலை. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். வெள்ளிமலை பக்கம் இருந்து காலேஜுக்கு வரும் ஒரு மாணவி டீமில் சேரணும்னா என்ன வேணும்னு யோசிச்சுப் பாருங்க. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் ஒரு கோர்ட் வேணும். ஒரு கோச் வேணும். சாயங்கால பிராக்டிஸ் முடிந்து வீடு திரும்ப பஸ் வேணும். இல்லைன்னா ஹாஸ்டல் இடம் வேணும். இதில் ஒன்று குறைந்தாலும், தடை உத்தரவே போடாமல் ஆட்டம் நின்றுபோகும்.

கிடைச்சா என்ன ஆகும்? சென்னையின் அனிதா பால்துரை உதாரணம். 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன். சுமார் 18 வருடம் நாட்டுக்காக ஆடினார். தெற்கு ரயில்வேயில் வேலை. 2021-ல் பத்மஸ்ரீ. தமிழக அரசு வேலைகளிலும் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3% இட ஒதுக்கீடு உண்டு. அதாவது, நிறைய குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. முதல் சம்பளத்துக்கான வழி.

ஆக, உங்க ஊர் காலேஜில் பெண்கள் அணி இல்லைன்னா, 'பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்லை'ன்னு யாராவது சொல்வாங்க. 1899-லும் பெண்களின் நலனுக்காகன்னுதான் சொன்னாங்க. கோர்ட் இருக்கா, கோச் இருக்காரா, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு முதல்ல கேளுங்க.