மூட்டின் அழற்சியும் நரம்பின் ஆணையும்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசுத் தொழில் பெரிதும் கைவிரல்களை நம்பியே நடைபெறுகிறது. மருந்து அடைப்பதும், திரி வைப்பதும், தாள் சுற்றுவதும் விரல்களின் வேலையே. அவ்விரல்கள் காலையில் மடங்க மறுத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விறைத்திருக்குமானால், இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருசேர வீங்குமானால், அதனை வேலைக் களைப்பு என்று விட்டுவிடலாகாது. அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். ஆண்களைவிடப் பெண்களை இந்நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுகிறது.

மனக்கவலை மிகும்போது மூட்டுவலியும் மிகுகிறது என்று நோயாளிகள் சொல்வதுண்டு. அது வெறும் மனப்பிரமை என்பார் சிலர். கவலை தீர்ந்தால் நோயும் தீரும், மருந்து எதற்கு என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளும் பிழையானவை என்பதை இன்றைய மருத்துவம் தெளிவுபடுத்துகிறது.

முடக்குவாதத்தில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆற்றல் உடலின் சொந்த மூட்டுச் சவ்வையே பகையெனக் கொண்டு தாக்குகிறது. அப்போது சுரக்கும் டி.என்.எஃப். முதலான பொருள்கள் அழற்சியை வளர்க்கின்றன. இச்செய்தி மூளையை எட்டுகிறது. மூளை இரு வழிகளில் மறுமொழி அனுப்புகிறது.

முதலாவது, சுரப்பிகளின் வழி. மூளையின் தூண்டுதலால் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசாலைச் சுரந்து அழற்சியைத் தணிக்கின்றன. 1948இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் இதன் இனமான கார்டிசோனை முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தி வியத்தகு பயன் கண்டார்; 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோயாளியின் உடலிலோ, அழற்சியின் அளவுக்கு ஈடாகக் கார்டிசால் சுரப்பதில்லை. பின்னிரவில் அழற்சிப் பொருள்கள் பெருகுவதே காலை விறைப்புக்குக் காரணம்.

இரண்டாவது, நரம்பின் வழி. மூளையிலிருந்து இறங்கி இதயம், குடல் என நெடுந்தொலைவு செல்லும் நரம்புக்கு வேகஸ் என்று பெயர்; 'அலைவது' என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். அரபியிலும் அதனை 'அல்அஸபுல் ஹாஇர்', அதாவது திகைத்தலையும் நரம்பு, என்பர். இந்நரம்பைத் தூண்டினால் டி.என்.எஃப். சுரப்பு குறைவதைக் கெவின் டிரேசி குழுவினர் 2000ஆம் ஆண்டில் விலங்குகளிடம் கண்டறிந்தனர். 2016இல் 17 முடக்குவாத நோயாளிகளிடம் இம்முறை பயன் தந்ததாக ஆய்வு வெளிவந்தது. 242 பேரிடம் நடந்த சோதனைக்குப் பின், கழுத்தில் பொருத்தும் சிறு கருவிக்கு 2025 ஜூலையில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஏனைய மருந்துகள் பலனளிக்காதோருக்கே அது உரியது.

நரம்பின் ஆட்சிக்கு இன்னொரு சான்றும் உண்டு. பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தவருக்குப் பின்னர் முடக்குவாதம் வந்தால், செயலிழந்த பக்கத்து மூட்டுகள் பெரும்பாலும் குறைவாகவே பாதிக்கப்படுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுள்ளனர்.

ஆகவே அச்சமும் உறக்கமின்மையும் நோய்க்குப் புறம்பானவை அல்ல. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய அச்சத்துடனேயே நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் இவ்வட்டாரத்தில் பலர். கடும் மன அதிர்ச்சிசார் கோளாறுகளுக்கு ஆளான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு ஆய்வு, அவர்களிடம் இத்தகைய தன்னெதிர்ப்பு நோய்கள் கூடுதலாகத் தோன்றுவதை 2018இல் எடுத்துக்காட்டியது. கவலை நோயைத் தூண்டக்கூடும். ஆயினும் நிம்மதி மட்டுமே நோயைப் போக்கிவிடாது. மருந்தின்றி விட்டால் மூட்டு சிதைகிறது; சிதைந்த மூட்டு மீள்வதில்லை.

கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை விரைவில் வலியைத் தணிக்கும். ஆனால் நெடுநாள் உண்டால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். 2022இல் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களை முதல் சில மாதங்களுக்குள் அணுகுவதே அறிவுடைமை.

ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுவதும் உறக்கமின்றியும் காய்ச்சலுற்றும் அதன் துன்பத்தில் பங்குகொள்வதை, நபிகள் நாயகம் (ஸல்) இறைநம்பிக்கையாளரின் உறவுக்கு உவமையாக்கினார்கள். அது மருத்துவப் பாடமன்று. நம் கடமையைச் சுட்டுவது. விரல் வீங்கிய பெண்ணின் வலியை நம்புவதும், அவளது வீட்டுவேலையைப் பகிர்வதும், இரவில் அவளை உறங்கவிடுவதும் மருந்துக்குத் துணைநிற்கும் செயல்களேயாம்.