தூக்கிக் கட்டிய ஜீப்பும் சாய்ந்த ஷாஃப்ட்டும்

பழைய ஜீப்பையோ தார் வண்டியையோ வாங்கியதும் அதைத் தூக்கிக் கட்டிவிட வேண்டும் என்கிற ஆசை இப்போது நகரத்தோடு நிற்கவில்லை. ஏரிக்கரை, வரப்பு, மழைக்காலச் சேறு என்று இருக்கும் ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கங்களில் அந்த ஆசைக்கு நியாயம்கூடச் சொல்லலாம். ஆனால் வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தினால் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் சேஸிஸோடு மேலே போய்விடும். அச்சும் அதன் நடுவிலுள்ள கிரவுன்-பினியனும் டயரோடு கீழேயே நிற்கும். இரண்டையும் இணைக்கிற புரொபெல்லர் ஷாஃப்ட் முன்பைவிடக் கூடுதலாகச் சாயும். பெரும்பாலான பட்டறைகள் ஸ்பிரிங்கோடு வேலையை முடித்துவிடுகின்றன. இந்தச் சாய்வை யாரும் பேசுவதில்லை.

ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. நேராக இருக்கும்வரை ஒரே சீராகச் சுற்றும். சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழும் தலா ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரியில் 6 சதவீதம். முன்முனையில் பிறக்கும் இந்தத் துடிப்பைப் பின்முனை ஜாயின்ட் அதே கோணத்தில் இருந்து ரத்து செய்ய வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. கோணங்கள் பொருந்தாவிட்டால் துடிப்பு அப்படியே கிரவுன்-பினியன் ஹவுசிங்குக்குள் போகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,000 முறை சுற்றும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏனாத்தூர் ஊர்ச்சாலையில் 40-ல் ஓட்டிப்பார்த்து "சூப்பரா இருக்குண்ணே" என்று சாவியை வாங்கிவிடுவது இங்கேதான் ஆபத்தாகிறது. பெங்களூரு நெடுஞ்சாலை ஏறி 70, 80 தொட்டால்தான் காலடித் தகடு உறுமும், கியர் நெம்புகோல் நடுங்கும். அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் கிராஸின் ஊசி பேரிங் பொடியாகும், பினியன் சீல் கசியும், ஒருநாள் ஷாஃப்ட் கழன்றுவிடும். அதன் முன்முனை தரையில் குத்தினால் ஓடுகிற வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் கை பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம்தான் இருக்கிறது; ஷாஃப்ட் போனால் கை பிரேக்கும் போயிற்று.

சரிசெய்ய வழி உண்டு. வண்டியைச் சமதரையில், சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்ச் மூன்றிலும் கோணமானியை வைத்துப் பார்க்க வேண்டும். ஜாக்கியில் அச்சு தொங்கும்போது எடுக்கும் அளவு குப்பை. இரு முனையிலும் ஒற்றை கிராஸ் உள்ள ஷாஃப்ட்டில் இரண்டு ஃபிளாஞ்சுகளின் கோணமும் ஒரு டிகிரிக்குள் பொருந்தவேண்டும். மேல்முனையில் இரட்டை கிராஸ் போட்டிருந்தால் கணக்கே வேறு: பினியன் நேராக ஷாஃப்ட்டை நோக்க வேண்டும்.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்துப் பினியனைத் திருப்புவார்கள். காயில் ஸ்பிரிங் வண்டியில் நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம் வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்கியைக் கீழே இறக்குவதும் ஒரு முறை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய உயரத்தில் கொஞ்சத்தை அடிவயிற்றில் திருப்பிக் கொடுக்கிற வேலை அது. லேத்தில் ஷாஃப்ட்டை வெட்டி நீட்டினால், கிராஸைப் பிடிக்கிற இரு முனை யோக்குகளும் ஒரே வரிசையில் இருக்கின்றனவா, பேலன்ஸ் செய்தார்களா என்று கேளுங்கள். முன் அச்சின் பினியனை மேலே திருப்பினால் ஸ்டீயரிங்கின் காஸ்டர் கோணம் குறைந்து வண்டி சாலையில் அலையும் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 2020-க்குப் பிந்தைய தாரின் முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன். அங்கே சிவி ஜாயின்ட்டும் அதன் ரப்பர் பூட்டும்தான் முதலில் போகும்.

இவ்வளவும் இயந்திரக் கணக்கு. சட்டக் கணக்கு இதைவிடக் கறாரானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகவே சொன்னது. உயரம் பதிவுச் சான்றில் அச்சாவதில்லையே என்று வாதாடுவோர் உண்டு. அவர்கள் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவைப் படிக்கட்டும்: அனுமதியின்றி உதிரிபாகம் பொருத்தி மாற்றினாலும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2023-ல் ஸ்ரீநகரில் மாற்றியமைத்த தார் ஒன்றின் உரிமையாளருக்கு நீதிமன்றம் ஆறு மாதத் தண்டனை விதித்து, நன்னடத்தைப் பிணையில் விட்டது. எனவே சாலையில் ஓடும் வண்டியைக் கம்பெனி உயரத்துக்கே இறக்கிவிடுவதுதான் என் பரிந்துரை. ஏற்கெனவே தூக்கிக் கட்டிய பழைய வண்டி வாங்குவோர் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசட்டும்.

மாற்றத்தைத் தெரிவிக்காமல் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் சேதக் கோரிக்கையை மறுக்கக்கூடும். மறுப்பு நியாயமில்லை என்று பட்டால், முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

பட்டறை செய்த வேலையில் குறை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கைகொடுக்கும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் சட்டம் தடுத்த மாற்றத்தைக் கேட்டு வாங்கியவர், அதில் குறை என்று போய் நிற்கும்போது எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கிளறும். பில் இல்லாவிட்டால் அதுவும் சிக்கல்.

ஆகவே இறக்கினாலும் ஏற்றினாலும், வேலைக்கு முன்னும் பின்னும் அந்த மூன்று கோணங்களையும் அளந்து பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கிற பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.