தேசிமரத்தின் சொறிநோய்



வீட்டு வளவிலே ஒரு தேசிமரம் நின்றால் சமையலுக்கும் கைமருந்துக்கும் குறைவில்லை. அத்தகைய மரத்தின் இலையிலும் காயிலும் கபிலநிறப் பொருக்குகள் தோன்றியதும், இனி உதவாதென்று தறித்துவிடுவோர் பலர்; நோய் முதிரும்வரை வாளாவிருப்போரும் பலர். இரண்டும் தவறு.

இந்நோய் பங்கசினால் வருவதன்று, பற்றீரியாவினால் வருவது. இலையில் ஊசிமுனையளவாகத் தோன்றும் புள்ளி, நாளடைவில் தக்கைபோலத் தடித்துச் சொரசொரப்பாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் பெறும். மழைத்துளி அப்புண்ணில் விழுந்து தெறிக்கையில் கிருமியும் உடன் தெறிக்கிறது. காற்று அதனை அயல்மரத்துக்குக் கொண்டுசெல்கிறது. இளந்தளிரில் வெள்ளிக்கோடுபோல் வளைந்து செல்லும் சுரங்கப் புழுவின் காயமும் அதற்கு வாயிலாகின்றது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இலட்சக்கணக்கான மரங்களை அழித்தும் பயனின்றி, 2004ஆம், 2005ஆம் ஆண்டுப் புயல்கள் நோயைப் பரப்பிவிட்டமையால், 2006இல் அவ்வொழிப்பு முயற்சியே கைவிடப்பட்டது.

ஆகவே மாரிக்கு முன்னரே நாம் முந்திக்கொள்ளல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் உள்ளோர் ஆவணி, புரட்டாதியில் வெயில் நாளொன்றைத் தெரிந்து, நோயுற்ற கொப்புகளைக் கத்தரித்து, உதிர்ந்த இலைகளையும் கூட்டி எரித்துவிடுக. இலை ஈரமாயிருக்கையில் மரத்தைத் தொடலாகாது. ஒரு மரத்தை வெட்டிய கத்தியைத் தீயிற் காட்டிய பின்னரே அடுத்த மரத்தில் வைத்தல் வேண்டும்.

அதன்பின் போடோக் கலவையைத் தெளிக்கலாம். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லீற்றர் நீரிற் கரைக்க. 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறாக நீற்றி, அதனையும் 5 லீற்றர் நீராக்குக. பின் துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குக. மண்பானையோ பிளாத்திக்கு வாளியோ ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் கலவையில் வைத்தெடுக்கும்போது செம்பு படிந்திருந்தால், இன்னும் சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும். இன்றேல் இலை கருகும். கலவையை அன்றே தெளித்து முடிக்க. முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்க, சிறுவரை அண்டவிடாதீர்.

இக்கலவை பழைய புண்ணை ஆற்றாது. நல்ல இலைக்குக் காப்பாகவே அமையும். ஆதலால் புதுத்தளிர் வரும்போதெல்லாம் மீண்டும் தெளித்தல் அவசியமாகும்.

புதுக்கன்று வாங்குவோர் அதன் இலைகளின் இருபுறமும் பார்த்தே வாங்குக. உங்கள் மரத்துக்கு மருந்திடும் வாரத்திலேயே அடுத்த வளவினரையும் மருந்திடச் சொல்லுங்கள். வேலி இக்கிருமியைத் தடுப்பதில்லை. அவர் மரம் நோயுற்றிருந்தால், உங்கள் உழைப்பு ஒரு மழையோடு வீணாகிவிடும்.