மாடு வாங்க கடன் கிடைக்குது, கொட்டகைக்கு ஏன் கிடைக்கல?

(பதிவு: மார்ச் 2025. பேசியதைச் சுருக்கி, வாசிப்பதற்கு ஏற்ப திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடு ஹோம் லோன் பத்தி. இந்த வாரமும் லோன்தான், ஆனா ஃபிளாட்டுக்கு இல்லை. மாட்டுக் கொட்டகைக்கு.

சிரிக்காதீங்க. நான் இருக்கறது ஊரப்பாக்கம். ஜிஎஸ்டி ரோட்டுல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் தாண்டினா எங்க ஊர். எங்க தெருவுல ஒரு பக்கம் லிஃப்ட் வெச்ச அபார்ட்மெண்ட், இன்னொரு பக்கம் எங்க சித்தி வீடு. அஞ்சு சென்ட் மனை, பின்னாடி ரெண்டு ஜெர்சி கலப்பு மாடு. அந்த அபார்ட்மெண்ட்ல பாதிப் பேருக்கு காலைக் காபி சித்தி கறக்கற பால்லதான். இப்போ இருக்கறது கீத்துக் கொட்டாய், கீழே மண் தரை. மழைக்காலத்துல தரை சேறாகுது, சேறானா மடிநோய் வருது, மடிநோய் வந்தா பால் போச்சு. சித்தி கேட்டாங்க: “கம்ப்யூட்டர்ல உக்காந்து பாத்து சொல்லுடா, கொட்டாய் போட என்ன லோன் இருக்கு? இல்லைன்னா ஐப்பசிக்கு முன்னாடி மாட்டை வித்துடறேன்.”

அதனால தேடினேன். தெரிஞ்சுகிட்டதை வரிசையா சொல்றேன். உங்க வீட்டிலயோ சொந்த ஊர்லயோ இதே கேள்வி இருந்தா உதவும்.

முதல்ல, ஏன் கஷ்டம்?

பேங்க் கண்ணோட்டத்துல பாருங்க. மாடு ஒரு நடமாடும் சொத்து. காதுல தோடு போடலாம், இன்சூர் பண்ணலாம், தேவைப்பட்டா விக்கலாம். கொட்டகை அப்படி இல்லை. உங்க மனைல நிக்கற நாலு தூணையும் ஷீட்டையும் பேங்க் பிரிச்சு எடுத்துட்டுப் போய் என்ன பண்ணும்? அதனாலதான் கால்நடைக் கடன்னு கேட்டா தீவனத்துக்கும் மாட்டுக்கும் சட்டுனு வழி சொல்றாங்க, கட்டடம்னு சொன்னா யோசிக்கறாங்க.

இதுல ரெண்டு வகைக் கடன் இருக்கு. ஒண்ணு நடைமுறை மூலதனம்: தீவனம், மருந்து, கரண்ட் பில் மாதிரி சுழல்ற செலவுக்கு. இன்னொண்ணு காலக்கடன்: கொட்டகை மாதிரி பல வருஷம் நிக்கற பொருளுக்கு. இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

கதவு 1: நூறு நாள் வேலைத் திட்டம்

ரோடு போடறதும் ஏரி தூர் வாரறதும் மட்டும்தான் இந்தத் திட்டம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. 2025 மார்ச் நிலவரப்படி, 2005 சட்டத்தோட அட்டவணையில தனிநபர் சொத்துகளும் இருந்துச்சு. மாட்டுக் கொட்டகை, ஆட்டுக் கொட்டகை, கோழிக் கொட்டகை, தீவனத் தொட்டி எல்லாம் அதுல வந்துச்சு. இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம்.

யாருக்கு? பட்டியல் சாதி, பழங்குடி குடும்பங்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவங்க, பெண் தலைமைக் குடும்பங்கள், மாற்றுத்திறனாளி தலைமைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை. அதுக்குப் பிறகு சிறு, குறு விவசாயிகள். வீட்டுல வேலை அட்டை இருக்கணும், ஒருத்தராவது அந்த வேலையில இறங்கணும்.

இதுல நம்ம பகுதிக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. இது கிராம ஊராட்சிகளுக்கான திட்டம். ஊரப்பாக்கம் இன்னும் காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்துல இருக்கற ஊராட்சி. பக்கத்துல நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி ஆயாச்சு, தாம்பரம் 2021-ல மாநகராட்சி ஆயாச்சு. அங்கே இந்தக் கதவு கிடையாது. ஊரோட அந்தஸ்து மாறினா வாய்ப்பும் போயிடும்.

கேக்க வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகமும் வட்டார வளர்ச்சி அலுவலகமும். வேலைகளோட பட்டியல் கிராம சபை வழியா போகணும். தமிழ்நாட்டுல கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவை அங்கேயே கொடுத்து ஒப்புகை வாங்குங்க.

ஒரு எச்சரிக்கை. பணம் தாமதமாகலாம். கூலி நிலுவை ரூ.1,056 கோடியை விடுவிக்கச் சொல்லி 2025 ஜனவரியில முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதனால மழைக்குள்ள முடியணும்னா இதை மட்டும் நம்ப வேண்டாம்.

கதவு 2: கிசான் கிரெடிட் கார்டு

2019-ல இருந்து கால்நடை வளர்க்கறவங்களுக்கும் இது உண்டு. கால்நடைக்கு மட்டும்னா 2 லட்சம் வரைக்கும் வட்டி 7 சதவீதம். ஒழுங்காகக் கட்டினா 3 சதவீதம் சலுகை, ஆக 4 சதவீதம். கேக்கும்போதே ‘இதை வெச்சே கொட்டாய் போட்டுடலாமே’னு தோணும். வேண்டாம்! இது நடைமுறை மூலதனம். வருஷத்துக்குள்ள கட்டணும். கொட்டகையில போட்ட காசு ஒரு வருஷத்துல திரும்பி வராது, தவணை தவறினா 4 சதவீதச் சலுகையும் போயிடும்.

சரியான பயன்பாடு இது: தீவனக் கடையில கடன் சொல்லி வாங்கறதை இந்தக் கார்டுக்கு மாத்துங்க. அதுல மிச்சமாகற காசு கொட்டகைத் தவணைக்கு உதவும்.

கதவு 3: காலக்கடன்

நமக்கு நிஜமாகவே பொருந்தற கதவு இதுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி, விவசாயத்துக்கும் அதைச் சார்ந்த தொழிலுக்கும் 2 லட்சம் வரை அடமானம் கேக்கக் கூடாது. முன்னாடி 1.6 லட்சமா இருந்தது, 2025 ஜனவரி 1-ல இருந்து 2 லட்சம். பால் மாட்டுக் கடன் முன்னுரிமைத் துறைக் கணக்குலயும் வருது. ஒவ்வொரு பேங்குக்கும் அதுல ஒரு இலக்கு உண்டு. அதனால கூச்சப்படாம கேளுங்க, யாரும் தானம் பண்ணல.

முத்ரா கடனும் உண்டு. பால் பண்ணை அதுல சேரும், அடமானம் கிடையாது. 50,000 வரை ‘சிசு’, அதுக்கு மேல 5 லட்சம் வரை ‘கிஷோர்’.

யூடியூப்ல ‘50 சதவீத மானியம்’னு வர்ற வீடியோக்கள் பெரும்பாலும் தேசிய கால்நடை இயக்கம் பத்தினது. அதுல ஆட்டுப் பண்ணைன்னாலே குறைஞ்சது 100 பெண் ஆடு, 5 கிடா. ரெண்டு பால் மாட்டுக்கு அது இல்லை.

நகைக்கடன், சீட்டு

வேகமா வர்றது நகைக்கடன்தான். ஆனா பல இடங்கள்ல அசலும் வட்டியும் வருஷக் கடைசியில மொத்தமா கட்டணும். பால் காசு கொஞ்சம் கொஞ்சமா வருது, கடன் ஒரே நாள்ல வந்து நிக்குது. அந்த இடைவெளியிலதான் நகை ஏலத்துக்குப் போகுது. நகை வெச்சா மாசத் தவணை முறை இருக்கான்னு கேட்டு வைங்க.

ஏலச்சீட்டு? 20 பேர், மாசம் 7,500, மொத்தம் ஒண்ணரை லட்சம்னு வெச்சுக்கோங்க. அவசரத்துக்கு முதல்லயே 25 சதவீதம் தள்ளி எடுத்தா கையில 1,12,500-தான். கழிவுல பங்கு வந்தாலும் மாசக் கட்டு பெருசு. சேர்ந்தே ஆகணும்னா பதிவு செய்த சீட்டான்னு பாருங்க.

இப்போ கணக்கு

கொத்தனார் சொன்னது 250 சதுர அடி, சதுர அடிக்கு 600, ஆக 1,50,000 ரூபாய்.

வரவு? ரெண்டு மாடு, தலைக்கு 8 லிட்டர், வருஷத்துல 300 நாள் கறவை. வீடுகளுக்கு ஊத்தினா கூட கிடைக்கும். ஆனா நான் போட்டது ஆவின் விலை. வாடிக்கை வீடு காலி பண்ணிட்டுப் போனாலும் அந்த விலை நிக்கும். பசும்பால் கொள்முதல் ஊக்கத்தொகையோட சேர்த்து லிட்டருக்கு 38. வருஷத்துக்கு 1,82,400. தீவனம், வைத்தியம், இன்சூரன்ஸ் எல்லாம் மாசம் 10,000-னு வெச்சா 1,20,000. மிச்சம் 62,400, அதாவது மாசம் 5,200.

இப்போ கடனைப் பொருத்திப் பாருங்க:

- 14 சதவீதத்துல 3 வருஷப் பர்சனல் லோன்: இ.எம்.ஐ. சுமார் 5,127. கையில மிச்சம் 73 ரூபாய்.
- 11 சதவீதத்துல 5 வருஷக் காலக்கடன்: இ.எம்.ஐ. சுமார் 3,261. மிச்சம் 1,939.

மொத்த வட்டி ரெண்டாவதுலதான் அதிகம், சுமார் 11,000 ரூபாய் கூட. ஆனாலும் அதுதான் சரி. முதலாவதுல ஒரு மாட்டுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தாலே தவணை நின்னுடும். சம்பளக்காரங்க மொத்த வட்டியைப் பாக்கறோம். மாடு வெச்சிருக்கறவங்க மோசமான மாசத்தைப் பாக்கணும். அதனால கடன் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாசத் தவணை, அதாவது 6,500 சொச்சம், தனியா எடுத்து வைங்க. மாடு வத்துற மாசத்துக்கு அதுதான் தெம்பு.

வட்டியை 11-ல இருந்து 10-க்குக் குறைக்கப் பத்து பேங்க் ஏறி இறங்கினா மாசம் 74 ரூபாய் மிச்சம். ஆனா ஒரு பசுவுக்குக் கூரைக்குக் கீழே தேவையான இடம் இந்தியத் தர நிர்ணயப்படி 3.5 சதுர மீட்டர். ரெண்டுக்கும் சேர்த்து 75 சதுர அடிதான். தீவனத் தொட்டி, கழிவு வாய்க்கால், நடைபாதை, வைக்கோலுக்கு இடம் எல்லாம் சேர்த்தா 150 சதுர அடி போதும். செலவு 90,000. இ.எம்.ஐ. 1,957. மாசம் 1,300 ரூபாய் மிச்சம். வட்டியில இல்லை மக்களே, வரைபடத்துல இருக்கு காசு. மூணாவது மாடு வரும்போது நீட்டிக்கலாம். அந்தப் பக்கச் சுவரை மட்டும் இப்போ எழுப்ப வேண்டாம்னு கொத்தனார் கிட்ட சொல்லிடுங்க.

காகிதம்

பட்டா, வில்லங்கச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக், கொத்தனாரோட மதிப்பீடு எழுத்துல, பால் ஊத்தற கணக்கு நோட்டு. கால்நடை மருத்துவர் கிட்ட மாடு இருக்கறதுக்கு ஒரு சான்று. தாத்தா பேர்ல இருக்கற கூட்டுப் பட்டான்னா பங்காளிகளோட சம்மதக் கடிதத்தை முன்னாடியே வாங்குங்க. கடன் கேக்கற நேரத்துல போய் நின்னா பழைய சண்டையெல்லாம் வெளிய வரும். புறம்போக்குல கொட்டகைன்னா எந்தத் திட்டமும் வராது.

சித்திக்கு நான் சொன்ன வரிசை: ஊராட்சியில மனு, அதே வாரம் பேங்க்ல 90,000-க்குக் காலக்கடன் விண்ணப்பம், தனியா தீவனத்துக்கு கிசான் கார்டு. எது முதல்ல வருதோ அதுல கட்டறோம். முழுசா பணம் வரலைன்னா சிமெண்ட் தரையும் வாய்க்காலும் முதல்ல, கீத்து இன்னும் ஒரு வருஷம் தாங்கும். மடிநோய் வர்றது தரையிலதான், கூரையில இல்லை.

“அப்போ விக்க வேணாம்ங்கற?”னு கேட்டாங்க. “இப்போதைக்கு வேணாம் சித்தி, ஆடிக்குள்ள பேங்க் என்ன சொல்லுதுன்னு பாப்போம்”னு சொல்லியிருக்கேன்.

உங்க ஊர்ல இந்தத் திட்டத்துல கொட்டகை கட்டினவங்க இருந்தா, எத்தனை மாசம் ஆச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கறேன். வரட்டா!