ஒரே கம்பியில் இரண்டு குடித்தனம்

கல்லூரி மாணவராகிய வாசகர் ஒருவர், பழைய மரப்பெட்டிக்குள் புளூடூத் பலகையொன்றையும் பிஏஎம்8403 என்னும் சிறு ஆம்ப்ளிஃபயர் பலகையையும் வைத்துத் தாமே கட்டிய ஒலிபெருக்கி, பாட்டு ஓயும் ஒவ்வொரு கணத்திலும் கொசுவின் ரீங்காரத்துக்கும் விசிலுக்கும் இடைப்பட்ட ஒரு சப்தத்தை எழுப்புகிறதென்றும், காற்றில் திரியும் ரேடியோ அலைகளே அதற்குக் காரணமென்று நண்பர்கள் சொன்னதை நம்பிப் பெட்டியின் உட்புறமெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டியும் பிரயோஜனமில்லை என்றும் வருந்தி எழுதியிருக்கிறார்.

அலுமினியத் தாளை அவர் சமையலறைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். புளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அதைக் கேட்க எந்தப் பிராணிக்கும் செவி கிடையாது. ஆயினும் அது ஓயாமல் பேசுவதில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. காலத்தை 625 மைக்ரோ வினாடித் துண்டுகளாக நறுக்கிக்கொண்டு, ஒரு துண்டில் பேசுவதும் மறு துண்டில் காது கொடுப்பதுமாக அது இயங்குகிறது. துண்டுகள் வினாடிக்கு 1600. பேசும் முறை 800. பேசும்போதெல்லாம் பலகை மின்சாரத்தை மடக்கென்று குடிக்கிறது. பேசும் அலை செவிக்கு எட்டாதது; குடிக்கும் தாளமோ செவிக்கு மிக உகந்தது! இசைப் பொட்டலங்கள் சில வேளை ஐந்து துண்டுகளை ஒரே மூச்சில் விழுங்குவதால் தாளம் மாறுகிறது. போனைத் தேடும்போது ஒரு சுருதியும் இணைந்தபின் வேறு சுருதியுமாகப் பெட்டி பாடுவதற்கு இதுவே காரணம்.

இந்தத் தாளம் ஆம்ப்ளிஃபயருக்குள் புகும் வழியை, ஒண்டுக்குடித்தன வீட்டில் வசித்தவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். வீட்டில் ஒரே ஜலதாரை. பின்கட்டுக்காரரின் தண்ணீரும் முன்கட்டுக்காரரின் தண்ணீரும் அதன் வழியே வெளியேற வேண்டும். பின்கட்டில் ஒரு வாளியைக் கவிழ்த்தால் ஜலதாரையின் மட்டம் ஓர் அங்குலம் உயர்கிறது. முன்கட்டில் குடியிருப்பவர் ஒரு விசித்திரப் பிரகிருதி. எதனுடைய உயரத்தையும் அந்த ஜலதாரையின் மட்டத்திலிருந்தே அளப்பார். அளந்ததைப் பதினாறு மடங்காக்கித் தெருவெல்லாம் கேட்க அறிவிப்பார். பின்கட்டுக்காரரோ வினாடிக்கு 800 வாளி கவிழ்க்கிறவர். (வீட்டுக்காரர் இவர்களிடம் என்ன வாடகை வாங்குகிறார் என்று நம்மைக் கேட்கக்கூடாது.) கிரவுண்ட் என்று நாம் பூஜ்யமாகப் பாவிக்கும் கறுப்புக் கம்பியே அந்த ஜலதாரை. அது பூஜ்யமன்று, ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய கம்பிக்கும் ஏறக்குறைய 0.05 ஓம் தடை உண்டு. பலகையின் மிடறு 40 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால், கம்பியின் இரு முனைகளுக்கிடையே 2 மில்லிவோல்ட் எழுகிறது. அற்பந்தான், ஆனால் அது பாட்டோடு சேர்ந்து உள்ளே நுழைந்து, பதினாறு மடங்காகி 32 மில்லிவோல்ட்டாக வெளியே வருகிறது, இரவின் நிசப்தத்தில் அறை முழுவதும் கேட்க அது தாராளம்.

சரித்திரமும் சொல்லவேண்டுமென்பது சம்பிரதாயம். புளூடூத் கையாளும், அலைவரிசை தாவிப் பேசும் யுக்திக்கு நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தேயிலும் 1942இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். பியானோவின் கட்டைகளைப்போல் அதில் 88 அலைவரிசைகள். அதனால் புளூடூத்தையே அந்த அம்மையார் கண்டுபிடித்தார் என்று ஆண்டுதோறும் எழுதுகிறவர்கள், 1994இல் ஸ்வீடனின் எரிக்ஸன் நிறுவனத்தில் அதற்காகத் தலையைப் பிய்த்துக்கொண்ட எஞ்சினீயர்களை மறந்துவிடுகிறார்கள்.

இனிச் சிகிச்சை. முதலில் நோயை நிச்சயித்துக்கொள்ள வேண்டும்: புளூடூத் பலகைக்கு மட்டும் தனியாக ஒரு பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சப்தம் மறைந்தால் குற்றவாளி அகப்பட்டான். ‘இரைச்சல் வடிகட்டி’ என்று பெயரிட்டு விற்கப்படும் பொருள்களையும், தங்க முலாம் பூசிய கேபிள்களையும் அதுவரை வாங்காதிருப்பது நலம். பெரும்பாலோர் செய்வதுபோல் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைப்பதும் சமாதானத்துக்கே உதவும், 800 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 2 ஓம், 0.05 ஓம் கம்பியை விட்டு அதன் வழியே யார் போவார்கள்?

செலவில்லாத உபாயம், இரு பலகைகளின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்காமல், தடித்த கம்பிகளாக மின்சாரம் நுழையும் இடத்துக்கே தனித்தனியே கொண்டுபோவது. போதாவிட்டால், பி0505எஸ் என்று பொறித்த, நான்கு கால்கள் கொண்ட சிறு கறுப்புக் கட்டி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. ஐந்து வோல்ட்டை வாங்கி ஐந்து வோல்ட்டையே கொடுக்கும் அதைப் பார்க்கிறவர்கள் எதற்கென்று சிரிப்பார்கள். உள்ளே ஒன்றையொன்று தொடாத இரு சுருள்கள், காந்தப்புலத்தின் வழியே மட்டும் சக்தியைக் கைமாற்றுகின்றன என்பதே அதன் மகிமை. புளூடூத் பலகையை அதன் மறுபுறத்தில் குடிவைத்தால் பின்கட்டுக்குத் தனி ஜலதாரை கிடைத்துவிடுகிறது. பாட்டுக் கம்பியோடு வரும் கிரவுண்ட் ஒன்றைத் தவிர வேறெங்கும் இரண்டு பக்கங்களும் ஒட்டக்கூடாது. உலோகப் பெட்டியானால் திருகாணி வழியாகவும் ஒட்டிக்கொள்ளும்.

நம் மேஜையில் இதே ஜோடியை இப்படிக் கட்டிப் பார்த்தோம். விசில் போயிற்று. எஞ்சியது ‘உஸ்’ என்னும் மெல்லிய இரைச்சல். அது ஆம்ப்ளிஃபயர் சில்லின் சொந்தச் சுவாசம். காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தால் கேட்கிறது. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தால் இல்லை.