கூலியை மிச்சம் பிடித்த பழைய சைக்கிள்

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் இலவசம்தான். ஆனால் எங்கள் பக்கம் பஸ் வந்து சேருவதற்குள் தையல் கடையில் அரை நாள் கூலி போய்விடும். அதனால் சீட்டுப் பணத்தோடு சைக்கிள் வாங்கப் போனேன். கடைக்காரர் கியர் சைக்கிளையே காட்டினார். அது மக்கர் செய்தால் நம்ம ஊர் மெக்கானிக் என்ன செய்வார், பாவம்! பேசாமல் பாதி விலைக்குப் பழைய லேடீஸ் சைக்கிள் எடுத்தேன்.

தோழிகளே, உட்கார்ந்தபடி கால் தரையில் ஊன்றுகிறதா, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ரிம் கோணாமல் ஓடுகிறதா, சேலை சிக்காதபடி செயின் கவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1990களில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகிய பெண்கள் பலர், முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமென்று ஆண்கள் சைக்கிளைத்தான் விரும்பினார்களாம். என் பிள்ளைக்குப் பின் கேரியர்தான். ஒரு மாதமாகக் கூலியில் பிடித்தம் இல்லை.

- ஒரு வாசகி, மங்கலம்பேட்டை.